நான் ஏறாத ஆபீஸ் படி

அன்றைக்குத் தண்ணிக் கேட்டில் இருந்தவர்கள்: தோட்டத்துக் கண்டக்டர் தங்கசாமி ஐயா, துணை மேனேஜரான சின்னத் தொரை ரவீந்திரன், கால்வாய் சுத்தம் செய்யும் முனியாண்டி, ஜெராமிலிருந்து சம்பான் படகில் இறால் பிடிக்க வந்திருந்த ஒரு சீனக் கிழவர், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. பின்னால் தோட்டத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். அது பொய். டிராக்டர் ஓட்டுபவர் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போதுதான் கேள்விப்பட்டார். விசாரணையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே யார் யார் இருந்தார்கள் என்பதுதான். சரியாகச் சொன்னேனா, யாரையாவது விட்டுவிட்டேனா என்று இன்றைக்கும் ஒரு தடவை மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தக் கேட்டுக்கு மோட்டார் போட்டுவிட்டார்கள். தண்ணீர் மட்டத்தை ஒரு கருவி பார்த்து, கதவை அதுவே ஏற்றி இறக்கிக்கொள்கிறது. பையன்கள் கைத்தொலைபேசியில் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கிறார்கள். மோட்டாருக்குப் பூஜை போட்ட அன்று பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸில் வேலை பார்க்கும் கவிதா என்ற பெண், தோட்டத்துக் கோயில் திருவிழா மலருக்காக ஓய்வு பெற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இருபது வயசு கோவிந்தன் இப்ப எதுர்ல வந்து நின்னா அவருக்கு என்ன அட்வைஸ் குடுப்பீங்க? அஞ்சு வரி போதும் லா," என்றாள்.

தாளை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். எழுத வரவில்லை. என் மனைவி சரசு தினமும் அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு வரிக்கு இவ்வளவு நாளா? சக்கரத்தைச் சுத்துன மாதிரி அதையே சுத்திச் சுத்தி வர்றீங்க," என்பாள். அவளுக்கு என்ன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை வந்தால் மலரில் அச்சாகிவிடுமே என்று அதற்கு வேறு கவலை. இந்த இரண்டு பத்தி எழுதுவதற்குள் கேஸ் அடுப்பை மூடினேனா என்று ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.

அப்பாவுக்கு நெஞ்சு சளி முற்றியதும் பள்ளிக்கூடம் நின்றது. புல் வெட்டினேன், உரம் தூக்கினேன், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை பொறுக்கினேன். எந்த வேலையிலும் என்னோடு சேர்ந்து நிற்க ஆட்கள் தயங்குவார்கள். கத்தியை உறையில் போட்டோமா, மூட்டை வாயைக் கட்டினோமா என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவேனாம். கடைசியில் என்னைத் தண்ணிக் கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் கண்டக்டர். கவலைப்படுகிற ஆளுக்கு ஏற்ற இடம் அது ஒன்றுதான் என்று அவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் தோட்டம் கடலோரம். கோலசிலாங்கூரிலிருந்து தெற்கே போகிற வழியில் இப்படிப் பல தோட்டங்கள் உண்டு. கடல் ஏறும்போது நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும். கரையில் நீளமாக ஒரு மண்மேடு. மேட்டை வெட்டிக்கொண்டு பெரிய கால்வாய் கடலுக்குப் போகும். அந்த வாயில் கனமான ஒரு பலகைக் கதவு. அதுதான் தண்ணிக் கேட்டு. கடல் வடியும்போது கதவை ஏற்றினால் தோட்டத்து மழைத்தண்ணீர் வெளியே ஓடும். கடல் ஏறுவதற்கு முன் இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். வேர் கருகும்.

கேட்பதற்குச் சுலபம். கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அளவுக் கம்புகள் நட்டிருக்கும். வெளித்தண்ணீர் உள்தண்ணீரைவிட ஒரு சாண் இறங்கிய பிறகு திறக்க வேண்டும். திரும்பி ஏறி இரண்டு விரல் வித்தியாசம் இருக்கும்போதே மூட வேண்டும். சமமாகட்டும் என்று காத்திருந்தால் தாமதம். சக்கரத்தைச் சுற்றுவதற்கு முன் திருகுத்தண்டில் கிரீஸ் தடவ வேண்டும். கதவின் அடியில் நீப்பா மட்டை, தேங்காய்க் கூடு, செத்த பன்றி, எது வேண்டுமானாலும் வந்து கிடக்கும். கொக்கி போட்டு இழுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். கடல் நேரம் தினமும் தள்ளிப் போகும். நம் தூக்கமும் அதன் பின்னாலேயே தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருவது பெரிய தண்ணி. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

மூடிவிட்டு வீட்டுக்கு வருவேன். பாதி வழியில் சங்கிலிப் பூட்டைப் போட்டேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். போட்டிருப்பேன். சரசு கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துவிட்டு எனக்கு அங்கே யாரோ தொடுப்பு இருக்கிறாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கண்டக்டர் தங்கசாமி ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொரைக்குக் கீழே, மண்டோருக்கு மேலே இருப்பவர் கண்டக்டர். மற்ற கண்டக்டர்கள் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி, இஞ்சினை நிறுத்தாமலே சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் இஞ்சினை நிறுத்துவார். இறங்குவார். கால்சட்டையின் அடியை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு மேட்டில் ஏறி, என் பக்கத்தில் வந்து நின்று தண்ணீரைப் பார்ப்பார். பேசமாட்டார். ரொம்ப நேரம் கழித்து, "நீ என்ன நெனைக்கிற?" என்பார். அதுதான் அவர் உத்தரவு போடும் விதம். நான் நினைப்பதைச் சொன்னால் மறுபடி தண்ணீரைப் பார்ப்பார். இரண்டாம் தடவை சொன்னால்தான் "சரி" என்பார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. அடுத்தவர் அதிகாரத்தில் கை வைக்கமாட்டார். சம்பள விஷயம் கேட்டால் ஆபீஸ் கணக்குப்பிள்ளையைக் காட்டி, "பெரிய கிராணியக் கேளு" என்பார். மருந்து கேட்டால் டிரஸ்ஸர். வீட்டுக் கூரை ஒழுகினால் தச்சு ஆபீஸ். தனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். தோட்டத்தில் மரியாதை என்றால் அதுதான் அப்போது. கிராணி சொல்ல வேண்டியதைக் கிராணிதான் சொல்ல வேண்டும்.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். பெரிய தண்ணி. மத்தியானத்துக்கு மேல் கடல் திரும்பும் நேரம். இரண்டு விரல் வித்தியாசத்தில் சக்கரத்தைச் சுற்றினேன். கதவு பாதிக்கு மேல் இறங்கி, நின்றுவிட்டது. அடியில் ஒரு முழுக் கட்டை, தென்னை மரத்து அடித்தண்டு, வந்து குறுக்கே சிக்கியிருந்தது. நான் இறக்குவதற்கு முன்பே கொக்கி போட்டுத் துழாவினேன். அப்போது அங்கே அது இல்லை. இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

முனியாண்டி அந்தப் பக்கம் கால்வாயில் பாசி இழுத்துக்கொண்டிருந்தான். என்னைவிடச் சின்னவன். பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள். கண்டக்டரும் சின்னத் தொரையும் பக்கத்து மறுநடவுக் காட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், கதவு நின்றுபோனதைப் பார்த்து மேட்டில் ஏறி வந்தார்கள். அந்தக் காட்டில்தான் புதுச் செம்பனைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். தாழ்ந்த நிலம். உப்பு வந்தால் முதலில் போவது அதுதான்.

யாரும் இறங்கச் சொல்லவில்லை. முனியாண்டியே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு வெளிப்பக்கம் இறங்கினான். தண்ணீர் அவன் தொடைக்கு இருந்தது. இரண்டு மூன்று குத்துக் குத்தியதும் கட்டை புரண்டது. புரண்டு, அவன் முழங்காலுக்குக் கீழே கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அவன் கத்தவில்லை. "அண்ணே, கால் மாட்டிக்கிச்சு," என்றான், செருப்பு மாட்டிக்கொண்டது போல.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுத்தோம். வரவில்லை. கதவின் மொத்தப் பாரமும் கட்டையின் மேல், கட்டை அவன் கால் மேல். சின்னத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்திருந்த வேலையாளை டிராக்டருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அனுப்பியது உண்மை, கதவு நின்றதைப் பார்த்ததுமே அந்த ஆள் மேட்டில் ஏறாமல் கீழிருந்தே திரும்பிப் போயிருந்தான், அதனால்தான் அவனை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. டிராக்டர் வந்தால் சங்கிலி போட்டுக் கட்டையை இழுத்துவிடலாம், கதவையும் மூடிவிடலாம். மனிதனும் பிழைப்பான், கன்றுகளும் பிழைக்கும். அவர் சொன்னது தப்பில்லை. இப்போது யோசித்தாலும் தப்பு என்று சொல்லமாட்டேன். படித்து வந்து சில மாதமே ஆன பையன். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

இன்னொரு வழி கதவை முழுக்க ஏற்றுவது. ஏற்றினால் பாரம் போகும், கால் விடும். ஆனால் கடல் உள்ளே பாயும். பாயும் தண்ணீரில் கதவை மறுபடி இறக்க முடியாது. கதவைத் தண்ணீர் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பேர் சுற்றினாலும் அசையாது. பெரிய தண்ணி முழுக்க உள்ளேதான்.

தண்ணீர் முனியாண்டியின் நெஞ்சுக்கு வந்தது. சம்பானிலிருந்த சீனக் கிழவர் துடுப்பைப் போட்டுவிட்டு அவன் கைக்கு அடியில் சம்பானின் விளிம்பைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, டிராக்டர் சத்தம் கேக்குதா?" என்று முனியாண்டி கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. கண்டக்டர் என் பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

"கோவிந்தா, நீ என்ன நெனைக்கிற?"

நான் சக்கரத்தைச் சுற்றினேன்.

இதைத் துணிச்சல் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். துணிச்சல் எங்கே எனக்கு? பயத்தில்தான் சுற்றினேன். இவன் இங்கே போய்விட்டால் நாளைக்கும் நாளை மறுநாளும் நான் தனியாக வந்து இதே சக்கரத்தைச் சுற்ற வேண்டுமே, இதே இடத்தில் கொக்கி போட்டுத் துழாவ வேண்டுமே என்ற பயம். சின்னத் தொரை "பொறுங்க, பொறுங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, அவரே வந்து எதிர்ப்பக்கம் பிடித்துச் சுற்றினார். கதவு ஏறியது. கட்டையோடு சேர்ந்து முனியாண்டியும் உள்பக்கம் பாய்ந்து போனான். கயிற்றைக் கண்டக்டர் தன் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். கயிறு அறுத்த தழும்பு அவர் கையில் பிறகு மறையவே இல்லை. கால்வாய் ஓரத்துப் புல்லில் முனியாண்டியை இழுத்துப் போட்டோம். கால் முறிந்திருந்தது. ஆள் இருந்தான்.

கடல் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரமே கன்றுகளின் குருத்து கருக ஆரம்பித்தது. பெரிய தொரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அந்தக் காலத்து ஆபீஸ், தூண் மேல் நிற்கிற பலகைக் கட்டடம். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினேன். உள்ளே பெரிய தொரை, பெரிய கிராணி. யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். யார் உத்தரவு கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை என்றேன். உண்மைதானே. ஒன்பதாயிரம் வெள்ளி நஷ்டம், மேல்விசாரணை முடியும்வரை மாதம் நாற்பது வெள்ளி சம்பளத்தில் பிடிப்போம் என்றார் பெரிய தொரை. படி இறங்கும்போது மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்துக்கு மேல் வந்தது. என் செருப்பு எது என்று தெரியாமல் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

'மேல்விசாரணை முடியும்வரை' என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் ஒன்பதாயிரம் என்பதுதான் உள்ளே போய் உட்கார்ந்தது.

ஐந்து மாதம் பிடித்தார்கள். ஆறாம் மாதம் பிடிக்கவில்லை. சம்பளம் முழுசாக வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிராணி மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்தவருக்கு ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பார். என் முகத்தைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். ஆகவே ஆபீஸ் பக்கமே போகக்கூடாது.

இப்படித்தான் அது ஆரம்பித்தது.

அந்த வருஷமே கண்டக்டர் வந்து, இஞ்சினை நிறுத்தி, கால்சட்டையை மடித்து, மேட்டில் ஏறி நின்றார். "ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. ஒரு நடை போய்ட்டு வந்துடு," என்றார். "தண்ணி ஏறுதுங்கய்யா, அப்புறம் போறேன்," என்றேன். உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. தண்ணிக் கேட்டுக்காரனுக்கு அந்த ஒரு வசதி உண்டு. எந்த நேரமும் தண்ணீர் ஏறிக்கொண்டாவது இருக்கும், இறங்கிக்கொண்டாவது இருக்கும். எதிலிருந்து தப்ப வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது.

சில வாரம் கழித்து மறுபடி கேட்டார்: "போனியா?" நாளைக்கு என்றேன். போனேன்கூட. படிக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றினேன். உள்ளே பெரிய கிராணி தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை கண்டக்டர் கேட்டபோது "போனேங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார். "சரி," என்றார். இரண்டாம் தடவை சொல்லாமலே அவர் "சரி" என்றது அது ஒன்றுதான்.

அப்புறம் கிராணி ஓய்வு பெற்றார், தொரை மாறினார், சின்னத் தொரை பேராக் பக்கம் போய்விட்டார். கண்டக்டர் ரவாங்கில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். கம்பெனி பேர்கூட மாறியது. ஒவ்வொரு தடவையும் இந்தப் புது ஆள் பழைய கணக்கைப் புரட்டுவாரோ என்று எனக்குக் காய்ச்சல் வரும். மருத்துவ விடுப்பு எடுக்கமாட்டேன். கூடுதல் நேர வேலைக்குக் காசு கேட்கமாட்டேன். எல்லாம் அந்தக் கடனுக்கு வட்டி என்று வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் போகட்டும். வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் சரசு இந்தத் தாளைக் கிழித்துவிடுவாள்.

ஜெராம் போகிற ரோட்டில் தோட்டத்து ஆட்களுக்கென்று மலிவு விலை வீடு கட்டினார்கள். லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். பேங்க் கடனுக்கு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்: இவர் இன்ன சம்பளம் வாங்குகிறார், தோட்டத்துக்குக் கடன் எதுவும் இல்லை என்று. அந்தக் கடைசி வரிதான் என்னைக் கொன்றது. கடிதம் கேட்டால் கணக்கைத் திறப்பார்கள்.

நொண்டிக்கொண்டே முனியாண்டி வந்து கூப்பிட்டான். அவன் தன் காலுக்கே பேர் வைத்திருந்தான், ஒன்பதாயிரம் வெள்ளிக் கால் என்று. "வாங்கண்ணே, ரெண்டு பேரும் சேந்து போவோம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். கேட்டா, இந்தா நஷ்டம் இங்கதான் நிக்குதுனு என் காலக் காட்டுறேன்," என்றான். தண்ணி ஏறுது என்றேன்.

சரசு அன்று சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவங்க இல்லேனு சொன்னா இல்லேனு தெரிஞ்சிக்கலாம்ல. தெரிஞ்சிக்கிறதுக்கே பயந்தா எப்புடி?"

நான் சாப்பிட்டேன். முனியாண்டிக்கு வீடு கிடைத்தது. நான் ஓய்வு பெற்று லயத்து வீட்டைக் காலி செய்தபோது அதே தாமான் குடியிருப்பில், அவன் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, வாடகைக்குப் போனோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அந்த வீடுகள் இன்றைக்கு என்ன விலை போகின்றன என்று நான் கேட்பதில்லை. சரசு கேட்டு வந்து சொல்வாள்.

ஓய்வு பெற்றபோது என் கடைசிக் கணக்கில் மொத்தமாகப் பிடிப்பார்கள் என்று உறுதியாக நம்பினேன். முழுசாக வந்தது. அப்போதும் நம்பவில்லை. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று பேங்கிலேயே தொடாமல் வைத்திருந்தேன். கூரை ஒழுகியது, பிளாஸ்டிக் வாளி வைத்துச் சமாளித்தோம்.

போன வருஷம் சபாக்கில் முனியாண்டியின் சின்ன மகள் கல்யாணம். பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், யாரென்று பார்த்தால் கண்டக்டர் தங்கசாமி ஐயா. ரொம்பத் தளர்ந்துவிட்டார். மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பழைய வழக்கப்படி. முனியாண்டி மேடைக்கும் பந்திக்கும் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"உன் காசத் திருப்பிக் குடுத்தாங்கல்ல?"

"எந்தக் காசுங்கய்யா?"

"பிடிச்சாங்களே, அது. மேலிடத்துல உம்மேல தப்பு இல்லேனு எழுதிட்டாங்க. நானும் சின்னத் தொரையும் எழுதிக் குடுத்தோம். பிடிச்சதத் திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு வந்து, கிராணி காச எடுத்து வச்சிருந்தாரு. அதுக்குத்தான உன்னப் போகச் சொன்னேன்? நீயும் போனேன்னியே?"

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. ஏன் ஐயா அன்றைக்கே மேட்டில் நின்று என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது கிராணி சொல்ல வேண்டிய வெசயம். நான் சொன்னா நல்லா இருக்குமா?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அது மரியாதை. எனக்கு அது பயம். இரண்டும் ஒரே படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்திருக்கின்றன. காசு மேலே மேசைக்குள் இருந்திருக்கிறது. நான் திரும்பிப் போன அன்று செருமியவர் என் காசை வைத்துக்கொண்டுதான் செருமியிருக்கிறார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சரசுவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். செகிஞ்சான் தாண்டும்வரை வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "அப்ப நம்ம யாருக்கும் கடன் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "நல்லது," என்று கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கூரைக்கு ஆள் கூப்பிட்டாள்.

ஆகவே, கவிதா, நீ கேட்டதற்கு என் பதில் இது. இருபது வயசு கோவிந்தன் எதிரில் வந்து நின்றால் பயப்படாதே என்று சொல்லமாட்டேன். அதை எல்லோரும் அவனிடம் சொல்லியாகிவிட்டது; அவனுக்கு அது வராது. பயப்படுகிறவன் பூட்டை இரண்டு தடவை பார்க்கட்டும், தப்பில்லை. அந்தப் பயத்தில்தானே முனியாண்டி பிழைத்தான். ஆனால் அந்தப் பயத்தையும் கூட்டிக்கொண்டே படி ஏறிப் போய்க் கேட்டுவிடு என்பேன். காலை நடுங்கவிட்டபடியே போ. என்ன சொல்வார்கள் என்று நீயே படிக்குக் கீழே நின்று முடிவு பண்ணாதே. கூடவே வருகிறேன் என்று ஒருவன் நொண்டிக்கொண்டு வந்து கூப்பிட்டால் அவனோடு போ.

அவன் கேட்பானா? கேட்கமாட்டான். எனக்குத் தெரியாதா அவனை. மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, தண்ணி ஏறுதுங்கய்யா, அப்புறம் வரேன் என்பான்.

எழுதியதைக் கொடுப்பதற்காக நேற்று ஆபீஸுக்குப் போனேன். இப்போது சிமெண்டுக் கட்டடம். படி கிடையாது, வாசலிலிருந்தே சரிவாக ஏறிப் போகலாம். பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். கவிதா "போட்டுக்கிட்டே வாங்க அங்கிள்" என்றாள். தாளைக் கொடுத்தேன். அவள் அங்கேயே உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். படித்துவிட்டு, அஞ்சு வரிதானே கேட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள்.

"அங்கிள், அந்தக் காச யார்கிட்டயாவது கேட்டீங்களா இல்லையா?"

இல்லை என்றேன். இப்போது யாரிடம் கேட்பது, கம்பெனியே இரண்டு தடவை கை மாறிவிட்டது, எனக்கு அந்தக் காசு வேண்டியும் இல்லை என்றேன். அவள் விடவில்லை. இப்போதைய மேனேஜர் ஒரு மலாய்க்காரப் பையன், உள்ளே இருந்தான். கதவைத் தட்டி என்னைக் கூட்டிப் போனாள். எழுந்து நின்று கை கொடுத்தான். கவிதா மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது பாக்சிக் என்றான், பெரியவரே என்பது போல. எவ்வளவு என்று கேட்டான். என் கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். தாளைத் திரும்ப வாங்கி வந்து, இன்று இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்த்து எழுதுகிறேன். தோட்டம் எனக்குத் தர வேண்டிய பாக்கி, இருநூறு வெள்ளி.